காது மடங்கின வெள்ளெலி

நீங்கள் இதைக் கேட்டுவிட்டு, இந்த அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தாலும் பரவாயில்லை. நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் கிடையாது. எங்கள் நகரியில் மலையடி வேப்பமரத்தில் மோகினி இருக்கிறாள் என்று ஊரே சுற்றிக்கொண்டு போகும், நான் அந்த மரத்தடியில் உட்கார்ந்து புளியங்கா தின்றவள். சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும், அதற்காக அம்மாவிடம் எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு நடந்தது இது. பேயுமில்லை பிசாசுமில்லை, ஒரு எலி வாங்கப் போன கதை, அவ்வளவுதான்.

எங்களுடையது தறி வீடு. நைனா, அதாவது எங்கப்பா, நெய்வார், அம்மாவும் நானும் நூல் சுற்றுவோம். நெசவுக்காரன் வீட்டுக்கு எலியைவிடப் பெரிய விரோதி உண்டா சொல்லுங்கள், தறியில் ஏற்றின பாவு நூல் முழுக்க ஒரு ராத்திரியில் கடித்து வைத்துவிடும். அப்படி இருக்க எங்கள் நைனா திருப்பதிக்குச் சரக்கு கொண்டுபோன இடத்திலிருந்து ஒரு வெள்ளை எலியை மடியில் கட்டிக்கொண்டு வந்தார், பஞ்சு உருண்டைக்குக் கண் வைத்தமாதிரி இருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவரோ கம்பியை வளைத்துத் தன் கையாலேயே ஒரு கூண்டு செய்து, தறிக்கு எதிரே ஆணியடித்து மாட்டிவிட்டு, அதற்கு ஜமீன்தார் என்று பெயரும் வைத்துவிட்டார். வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்த இடத்தில் சாப்பிடுகிறது அல்லவா, அதனால். "ஜமீன் எல்லாத்தையும் சர்க்கார் ஒழிச்சிட்டாங்க, நம்மூட்டு ஜமீன்தார மட்டும் யாராலயும் அசைக்க முடில பாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தறியில் நாடாக்கட்டை ஓடுகிற சத்தத்துக்கு அது காதை விடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவர் தறியில் உட்கார்ந்து பேசுகிற பேச்செல்லாம் அதனிடம்தான்.

பிறகு நைனாவுக்கு இருமல் வந்தது. முதலில் சளி என்றார்கள், அப்புறம் துண்டில் ரத்தம் பார்த்தோம். மதனப்பள்ளிப் பக்கம் டி.பி. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார் மாமா, அதாவது அம்மாவின் தம்பி ஏகாம்பரம். வண்டி ஏறும்போது நைனா என்னைக் கூப்பிட்டு, "சரசா, ஜமீன்தார பாத்துக்கோ கண்ணு. நான் திரும்பி வரச்சொல்ல அவன் இருக்கணும்" என்றார். அவர் என்னவோ விளையாட்டாகத்தான் சொன்னார். அம்மா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

எலி எத்தனை நாளைக்கு இருக்கும், அதற்கும் ஒரு ஆயுசு உண்டே. ஒரு நாள் காலையில் பார்த்தால் கூண்டின் ஓரமாகச் சுருண்டு கிடந்தது, தொட்டால் ஜில்லென்று இருந்தது. கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் அம்மா இருந்த இருப்பைப் பார்த்ததும் என் அழுகை நின்றுவிட்டது. அவள் கத்தவில்லை, புலம்பவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவள் சோறு வேண்டாம் என்றாள், மறுநாளும் வேண்டாம் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஜுரம் ஏறிக்கொண்டே போகிறது என்று வேறு தகவல் வந்திருந்தது. அவள் மனதில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. கடைசியில் என்னைப் பார்த்து, "கூண்டு காலியா கீறத பாக்க முடிலடி. போய் வேற ஒண்ண இட்டுனு வா. எனக்கு வேற ஒண்ணும் வாணாம்" என்றாள்.

மாமாவும் நானும் நகரி ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். ஆந்திர ராஜ்ஜியம் தனியாகப் பிரிந்த புதிது, எங்கே பார்த்தாலும் எந்த ஊர் எந்தப் பக்கம் என்கிற பேச்சுத்தான். வண்டி முழுக்க அதே சண்டை. மாமா தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் கத்தி, திரும்பத் தமிழுக்கு வந்து, புத்தூர் தாண்டியதும் களைத்துப்போய், "இன்னாடி சரசா, நாட்ட பிரிக்க ஆளு போய்க்கினு கீறான், நாம எலி வாங்க போய்க்கினு கீறோம். யாரன்னா கேட்டா சாமி கும்புடப் போறோம்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. வெளியே எல்லாமே ஈரத்தில் கரைந்தமாதிரி, நிலக்கடலைக் காடு, பனைமரம், குட்டையில் நிற்கிற மாடு, எதற்கும் ஓரமே இல்லாதமாதிரி தெரிந்தது. நான் தூங்கவில்லை. அதை மட்டும் சத்தியம் பண்ணிச் சொல்கிறேன். ஆனால் முழுசாக விழித்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது.

திருப்பதியில் இறங்கினால் மலையையே காணோம், மேகம் இறங்கி மூடியிருந்தது. மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஜனங்கள் அந்த வெள்ளைக்குள்ளிருந்து வருகிறார்கள், அந்த வெள்ளைக்குள்ளேயே போகிறார்கள். வெள்ளை எலி வளர்த்து விற்கிற எலிக்காரர் வீடு ஊருக்குள் இருக்கிற கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது, நாலு பேரைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தோம். வாசலில் ஜட்காக்காரன் வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்தான், மாமாவுக்கு அது போதும், அவனோடு வழக்குக்கு நின்றுவிட்டார். நான் மட்டும் உள்ளே போனேன்.

ஒரே அறை, பின்பக்கம் திறந்த கதவு. அதன் வழியாக வந்த மழை வெளிச்சத்தில் சுவரோரமாக ஒரு பெரிய மரப்பெட்டி, முன்பக்கம் கண்ணாடி. உள்ளே வெள்ளை எலிகள், எத்தனை என்று தெரியாது, ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டு, கொட்டை எடுத்த பஞ்சைக் கொட்டி வைத்தமாதிரி ஒரே குவியல், அந்தக் குவியல் மூச்சு விடுகிறது. எலிக்காரர் ஒல்லியான தெலுங்குக்காரர், அதிகம் பேசாதவர். மூடியைத் திறந்து, "மெல்லகா தீஸ்கோம்மா, பயப்படும்" என்று, மெதுவாக எடுத்துக்கொள் என்பதைப் பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகச் சொல்லிவிட்டு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

நான் கையை உள்ளே விட்டேன். ஒன்றை எடுத்தேன், வைத்தேன். இன்னொன்றை எடுத்தேன், வைத்தேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. இதில் எது, எதை எடுத்துக்கொண்டு போனால் அம்மா எழுந்து உட்காருவாள், தப்பானதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அதுவரைக்கும் அம்மாவைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான், அந்தப் பெட்டி முன்னால் நானும் அவளைப்போலவே ஆகிவிட்டேன்.

அப்போதுதான் கஞ்சி வாசனை வந்தது. பாவுக்குப் போடுகிற கஞ்சி, லேசாகப் புளித்த வாசனை, கூடவே நூல் சாயம். எங்கள் வீட்டுக்கு வெளியே நான் அதை முகர்ந்ததில்லை. என் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்கிற சூடு தெரிந்தது. மெதுவாகத் தொண்டையைச் செருமிவிட்டு, ரொம்பத் தணிந்த குரலில், "அது இல்ல கண்ணு. அடியில, மூலையில படுத்துகினு கீது பாரு, காது மடங்கினது. அத எடு."

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. கனவில் யாராவது ஏதாவது சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்கிறோமா, அந்தமாதிரி நானும் கேட்கவில்லை. குவியலை விலக்கிக் கையை அடிவரைக்கும் விட்டேன், மூலையில் ஒன்று இருந்தது. எடுத்துப் பார்த்தேன், இடது காது உள்பக்கமாக மடங்கியிருந்தது. கையில் எடுத்த பிறகுதான் தெரிகிற மடிப்பு. அது என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்து பார்த்தது. அப்புறம்தான் திரும்பினேன். யாருமில்லை. திறந்த கதவு, அதற்கு அப்பால் தூறல். வாசலில் மாமா இன்னும் கத்திக்கொண்டிருந்தார். எலிக்காரர் எதிர்ச் சுவரிலேயே நின்று என்னையும் அந்தக் கதவையும் பார்த்துக்கொண்டிருந்தார். நைனாவையே நினைத்துக்கொண்டு போனேன் அல்லவா, மனப்பிரமை என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கூண்டில் விட்டதும் அம்மா எழுந்து வந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "துன்றதுக்கு இன்னா குடுத்த?" என்று கேட்டாள். அதற்கு ரெண்டு அரிசி போட்டுவிட்டு, தானும் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்து நாங்கள் மூன்று பேரும் மதனப்பள்ளி போனோம். என்ன பார்க்கப்போகிறோமோ என்று போனால் நைனா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், மெலிந்து போயிருந்தாலும் கண்ணில் தெளிவு இருந்தது. நாங்கள் திருப்பதி போன அன்றைக்குக் காலையில் நினைவே தப்பிவிட்டதாம், பிழைக்கமாட்டார் என்று நினைத்தார்களாம், மத்தியானத்துக்கு மேல் வேர்த்துக் கொட்டி ஜுரம் இறங்கியதாம். ஆஸ்பத்திரி ஆயாம்மா சொன்னாள். ஜமீன்தார் செத்ததையோ வேறு வாங்கியதையோ யாரும் அவருக்குச் சொல்லவில்லை, உடம்பு தேறட்டும் என்று இருந்தோம். அவர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "காது மடங்கினது எப்பிடி கீது கண்ணு?"

அம்மா மாமாவைப் பார்த்தாள், மாமா என்னைப் பார்த்தார். நைனாவை நான் துருவித் துருவிக் கேட்டேன். "இன்னாவோ கனா கண்டேன்மா. வெள்ளையா பஞ்சு மூட்டையாட்டம். நீ நின்னுகினு இருந்த, எது எடுக்கறதுன்னு தெரியாம முழிச்சினு இருந்த. அவ்ளோதான் தெரியும்" என்றார். அதற்கு மேல் அவருக்கே தெரியவில்லை.

அவர் பிழைத்து வந்தார், மறுபடியும் தறியில் உட்கார்ந்தார். எல்லைத் தகராறும் தீர்ந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். நான் கல்யாணமாகித் திருப்பதிக்குக் குடிபோனேன். இதோடு முடிந்திருந்தால் ஏதோ தற்செயல் என்று நானும் விட்டிருப்பேன்.

ஒரு நாள் காய்கறி மார்க்கெட்டில் அந்த எலிக்காரர் எதிரே வந்தார். தலை நரைத்திருந்தது, ஆனாலும் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "மீ நாயனா பாகுன்னாராம்மா?" என்றார். அப்பா சௌக்கியமா என்று கேட்கிறார். உங்களுக்கு எங்கப்பாவைத் தெரியுமா என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அன்னிக்கி உன் பின்னாடி வந்தாரே அம்மா. ஆஸ்பத்திரி கம்பளி போத்திக்கினு, காலுல செருப்பு லேது. மழையில வந்தாரு, தடியலேது, ஒரு சொட்டு நனையலே. உனக்குச் சொல்லிட்டு, தானும் ஒக எலி எடுத்து சட்டைப் பையில போட்டுக்கினு பின்கதவால போயினாரு. நான் ஏமி அனலேது. கேக்க நோரு வரல." ஒன்றும் சொல்லவில்லை, கேட்க வாய் வரவில்லை என்கிறார். நான் காய்க்கூடையைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஊருக்குப் போய் நைனாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "கட்டில விட்டு எழுந்திருக்க முடியாதவன் திருப்பதிக்கு எங்கம்மா நடந்து வர்றது?" என்றார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியை நான்தான் ஒழித்தேன். அடியில், ஆஸ்பத்திரியில் போட்டிருந்த சட்டை மடித்து வைத்திருந்தது. அதன் மேல்பையின் அடியோரத்தில் ஒரு சின்ன ஓட்டை, ஓரமெல்லாம் பொடிப்பொடியாகக் கடித்தது. டிரங்குக்குள் எலி போயிருக்கும் என்பீர்கள். அந்தப் பெட்டியில் வேறு எந்தத் துணியிலும் ஒரு பல் படவில்லை. வெளிப்பக்கம் நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது, உள்ளேயிருந்து கடித்தமாதிரி.

அந்தச் சட்டை என்னிடம்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை வெயிலில் போட்டு எடுத்து வைப்பேன். கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பை மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கிறமாதிரி தோன்றும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதற்குள் விரலை விட்டுப் பார்த்ததில்லை.