ஒரு குடம் கூலி

ஆசியாக் கண்டத்திலேயே கூலி குறைவான வேலையாகத் தேடிப் பிடித்துப் போகிறவர் எங்கள் பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் அக்கா ஒருவர்தான். மாரண்டஹள்ளி ரோட்டில் ஜல்லி கொட்டப் போனால் கிட்டத்தட்ட இரட்டிப்புக் கூலி. அக்கா அந்தப் பக்கமே திரும்பமாட்டார். விடிந்ததும் இடுப்பில் காலிக் குடத்தோடு ராஜப்பன் தோட்டத்துக்குத் தக்காளி பறிக்கக் கிளம்பிவிடுவார்.

“காசு என்ன கசக்குதாக்கா உங்களுக்கு?” என்பேன் நான்.

“அந்த ரோட்டுல கெணறு இருக்குதாடா, சுபானு?”

ராஜப்பன் கிணறு நல்ல தண்ணீர். வேலைக்கு வந்தவர்கள் சாயங்காலம் ஆளுக்கொரு குடம் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவுக்கு போர் பைப்புதான், ஆழத்திலிருந்து வரும் புளோரைடு தண்ணீர். அதைக் குடித்துத்தான் அக்காவின் பெரியவன் மாரியப்பனுக்குக் கால் வளைந்தது என்றார் டாக்டர். வேறு தண்ணீர் கொடும்மா என்றும் சொன்னார், சட்டை மாற்றச் சொல்வதுபோல. ரைஸ்மில்காரர் வீட்டுக்கு நல்ல தண்ணீர் மாட்டு வண்டியில் வருகிறது. அவர் பிள்ளைகள் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள். நாங்கள் கறை படிந்த பல் தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறோம்.

அக்கா சுமந்துவருவது பிள்ளைகள் இரண்டும் குடிப்பதற்கு மட்டும். சின்னவள் மாதம்மாளுக்குக் கால் இன்னும் நேராக இருக்கிறது. அந்தப் பானைப் பக்கம் பூனைகூடப் போகக்கூடாது. அக்காவுக்கு போர்த் தண்ணீர், தனிப் பானையில்.

“நீங்களும் ஒரு வாய் குடிச்சா கொறஞ்சா போயிரும்?”

“எனக்கென்ன இனிமே பல்லு மொளைக்கவா போவுது? போடா, வேலையப் பாத்துக்கிட்டு.”

சொல்லிவிட்டு எழப் பார்ப்பார். முட்டி நிமிராது. சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டியை அதன் ஏழு தலைமுறையோடு திட்டி எழுவார். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன சந்தை நாளில் அக்கா சந்தைக்குப் போயிருந்த நேரம், சைக்கிளில் போய் ராஜப்பன் கிணற்றில் ஒரு குடம் இறைத்துவந்தேன். அவர் பானையிலிருந்த போர்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு இதை ஊற்றினேன். விளையாட்டுக்கு அவர் செருப்பை ஒளித்துவைக்கிறவன்தானே நான், இதுவும் அதில் ஒன்றாகப் போகட்டும் என்று.

சாயங்காலம் கூப்பிட்டார். “சுபானு, இங்க வா. பருப்பு வெந்திருச்சு.”

“அதுக்கு நான் என்னக்கா பண்ணணும்?”

“போர்த் தண்ணியில ஒரு கட்டு வெறகு எரிச்சாலும் கல்லாட்டம் கெடக்கும். இன்னைக்கி வெண்ணெயாட்டம் கொழைஞ்சிருக்குது. எந்தத் திருட்டு நாயிடா என் பானையத் தொட்டது?”

“எனக்கென்ன தெரியும்?”

“கையக் காட்டு.”

கயிறு அறுத்திருந்த என் உள்ளங்கையைப் பார்த்தார். தன் பானையைத் தூக்கி, மிச்சமிருந்ததை ஒரு சொட்டுச் சிந்தாமல் பிள்ளைகள் பானையில் ஊற்றினார்.