ஏற்றப்படாத பெயர்

பிழை செய்தவர் மன்னிப்புக் கேட்பது முறை. பிழையைத் திருத்தியதற்காகவும் ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? எங்கள் தேயிலைத் தோட்ட அலுவலகத்துக்கு நான் எழுதிய கணினி நிரலில் ஒரு வரி தவறி, பக்கத்து வீட்டுக்கு வெளியேற்றக் கடிதம் அனுப்பப்பட்ட வாரத்தில் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது. இன்னும் போகவில்லை.

நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தமானவை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்யும்வரை குடும்பம் அங்கே இருக்கலாம். அவர் ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் ஒருவர் கொழுந்து பறிக்கவோ ஆலையிலோ அலுவலகத்திலோ சேர்ந்து வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். அதனால் எங்கள் லயத்தில் வீடு யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. "யாரு பேர்ல நிக்குது?" என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் வீடு என் பெயரில் நிற்கிறது. நான் பட்டம் வாங்கிய ஆண்டில் அப்பா ஓய்வு பெற்றார். அண்ணன் அதற்கு முன்பே கடல் தாண்டிப் போயிருந்தான். கோலாலம்பூரில் கிடைத்த வேலைக்கு வர இயலாது என்று கடிதம் எழுதிவிட்டு, தோட்ட அலுவலகத்தில் கணினி வேலைக்குச் சேர்ந்தேன். படித்தவர்கள் தங்கள் மக்களிடம் திரும்ப வேண்டும் என்ற கொள்கைக்காகத் திரும்பியதாக நண்பர்களிடம் சொன்னேன். அதில் உண்மை இருந்தது. முழு உண்மை இல்லை.

பழைய பேரேடுகளுக்குப் பதிலாக ஒரு நிரல் எழுதுவது எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் பெரிய வேலை. தரவுத்தளத்தில் அட்டவணைகளாகக் கிடக்கும் விவரங்களைப் பொருள்களாக மாற்றி, அவற்றுக்கிடையே உறவும் ஏற்படுத்தித் தரும் ஒரு மென்பொருள் நூலகத்தைப் பயன்படுத்தினேன். தொழிலாளி ஒரு பொருள், வீடு ஒரு பொருள், குடும்பம் ஒரு பொருள். ‘உனக்கு அடுத்த பெயர் யார்?’ என்று வீட்டைக் கேட்டால், அட்டவணைகளைத் தேடிப் பதில் கொண்டுவருவது நூலகத்தின் பொறுப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கூறாக எழுதினேன். தொடக்கத்தில் நிரல் திறக்கும்போதே எல்லாக் கூறுகளும் கணினியின் நினைவகத்தில் ஏறின.

அலுவலகக் கணினியோ பழையது. காலையில் பெரட்டு முடிந்ததும், அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுத்ததும், ஏதாவது கடிதம் வேண்டியவர்கள் சன்னல் முன்னால் பனியில் வந்து நிற்பார்கள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"ஒன் புரோகிராம் எந்திரிக்கறதுக்குள்ள நான் ஒரு கூடை கொழுந்து எடுத்துருவேன் போலம்மா," என்றார் கிராணி. முப்பது ஆண்டுகளாக அந்தச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அலுவலக எழுத்தர் அவர்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. எந்தக் கூறும் முதல் முறை கேட்கப்படும்போது மட்டும் ஏறினால் போதும் என்று மாற்றினேன். மென்பொருள் நூலகங்களிலேயே இந்த வழக்கம் உண்டு. நல்ல வழக்கம் என்றுதான் கற்றிருந்தேன். மறுநாள் தட்டியவுடன் நிரல் திறந்தது. கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இப்பத்தான் இது படிச்ச புள்ள எழுதுனது மாதிரி இருக்கு," என்றார். அந்தப் பாராட்டை நான் சில மாதங்கள் சுமந்து திரிந்தேன்.

பிறகு கண் அறுவைச் சிகிச்சைக்காகக் கிராணி ஈப்போவுக்குப் போனார். அவர் இல்லாத வாரத்தின் திங்கட்கிழமை காலையில், நான் வருவதற்கு முன்பே, ஓய்வு பெறுவோரின் வீட்டுப் பட்டியலை மேனேஜரே கணினியில் எடுத்தார். யாரையும் கேட்காமல் தாமே செய்து முடித்ததில் அவருக்கு மகிழ்ச்சி. பிற்பகலே கடிதங்கள் வீடுகளுக்குப் போய்விட்டன.

அன்று மாலை பக்கத்து வீட்டு அத்தை ஒரு கடிதத்தோடு வந்தார். கொழுந்தின் கறை ஏறிய விரல்களால் அதன் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தார். அந்த மாதம்தான் அவருக்கு ஓய்வு.

"மலாய்ல இருக்கும்மா. என்னா எழுதியிருக்குன்னு பாரு."

பார்த்தேன். "வீட்டக் காலி பண்ணணும்னு இருக்கு அத்தை."

"எம்பொண்ணு பேக்டரில வேல செய்யிறாளே. அவ பேரு இல்லயா?"

"இதுல இல்ல."

அவர் கடிதத்தை நாலாக மடித்தார். பிறகு என் தோளைத் தொட்டு, "கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீதானே எழுதுன," என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சோதித்தேன். குடும்பப் பக்கத்தைத் திறந்தேன். அத்தையின் மகள் பெயர் இருந்தது. வீட்டுப் பட்டியலை எடுத்தேன். அதிலும் சரியாக இருந்தது. அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை என்றே காட்டியது. மேனேஜர் எதையோ தவறாக அழுத்திவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லும் துணிவு வரவில்லை. என் வேலையின்மேல் எங்கள் வீடு நிற்கிறது. அப்பாவின் நாற்காலி, அம்மாவின் சாமி மாடம், சுவரில் என் பட்டம், எல்லாம் அதன்மேல்தான். நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இரண்டு நாள் கடத்தினேன்.

அத்தையின் மகள் என்னைவிட ஐந்து வயது இளையவள். ஆலையில் தூள் சலிக்கும் பிரிவில் வேலை செய்தாள். காலையில் என் கதவைத் தட்டுவாள்; இருவரும் சேர்ந்து நடப்போம். புதன்கிழமை அவள் தேயிலைச் சரிவுப் பாதையில் எனக்கு முன்னால் வேகமாக இறங்கினாள்.

"அக்கா, ஈப்போல சின்னம்மா வீட்ல ஒரு ரூம் காலியா இருக்காம். அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. பக்கத்துலயே டயாலிசிஸ் சென்டர்ல ட்ரெய்னிங்குக்கு ஆள் எடுக்குறாங்களாம். போன் பண்ணேன். அடுத்த மாசம் வான்னாங்க."

"கவலப்படாத, ஏதாவது வழி பொறக்கும்," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "யாரு கவலப்பட்டா?"

துயரத்தை மறைக்கும் வேடிக்கைப் பேச்சு என்று எண்ணி அவளுக்காக இரக்கப்பட்டேன். மற்றவர்களின் வாழ்வைப் பற்றிக் கருத்துச் சொல்லப் பழகியவர்கள் செய்யும் தவறு இது. அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. அவள் சொல்லியிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

வியாழக்கிழமை காலை, நான் கணினியைத் திறந்ததுமே மேனேஜர் எட்டிப் பார்த்து, கூரை ஒழுகும் ஒரு வீட்டின் எண்ணைக் கேட்டார். நேராக வீட்டுப் பக்கத்துக்குப் போனேன். எண்ணைச் சொல்லிவிட்டு, பதற்றத்தில் அதே பட்டியலை மீண்டும் எடுத்தேன். அத்தையின் வீடு ‘காலி செய்ய வேண்டியவை’ வரிசையில் இருந்தது. குடும்பப் பக்கத்தைத் திறந்துவிட்டு மறுபடி எடுத்தேன். வரிசையிலிருந்து வீடு மறைந்தது. ஒரே கேள்விக்கு இரண்டு பதில்.

அப்போது விளங்கியது. வீட்டையும் அடுத்த பெயரையும் சேர்க்கும் உறவை நான் குடும்பக் கூறில் எழுதியிருந்தேன். அந்தக் கூறு ஏறிய பிறகுதான் நூலகம் அந்த உறவை வீட்டின்மேல் பொருத்தும். அதுவரை தனக்கு அப்படியோர் உறவு இருப்பதே வீட்டுக்குத் தெரியாது. அந்த நிலையில் நிரல் பிழை காட்டி நின்றிருந்தால்கூட நன்மை. சன்னலில் ஆள் நிற்கும்போது அது நின்றுவிடக் கூடாதென்று நானே ஒரு வரி சேர்த்திருந்தேன்: உறவு இல்லையென்றால், அடுத்த பெயர் யாரும் இல்லை என்று கொள்க. இன்னும் கேட்கப்படாததையும் உண்மையிலேயே இல்லாததையும் ஒன்றாக்கிய வரி அது.

இத்தனை மாதம் ஏன் தெரியவில்லை? பெரட்டு முடிந்து சன்னலுக்கு வரும் முதல் ஆள் எப்போதும் ஒரு தாயாக இருப்பார். பள்ளிக்கூடத்துக்கோ தானா ராத்தா நகரத்து ஆஸ்பத்திரிக்கோ குடும்பக் கடிதம் கேட்பார். ஆகவே கிராணி ஒவ்வொரு நாளும் குடும்பப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தார். அவரைப் பார்த்து நானும் அப்படியே பழகியிருந்தேன். மேனேஜருக்குச் சன்னலில் உட்கார்ந்து பழக்கமில்லை; நேராகப் பட்டியலை எடுத்துவிட்டார்.

மதியச் சாப்பாட்டைத் தொடாமல் மூடிவைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சிஸ்டம் தப்பா, நீ தப்பா?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். "நல்ல வேள, மத்த வீட்டுல நெசமாவே அடுத்த பேரு இல்ல; தப்பு ஒரு வீடுதான். திருத்திடு. நாளைக்கு லெட்டர கேன்சல் பண்ணித் தர்றேன்," என்றார். அவ்வளவுதான்.

எல்லாக் கூறுகளையும் மீண்டும் தொடக்கத்திலேயே ஏற்றும்படி மாற்றினேன். ‘அடுத்த பெயர் யாரும் இல்லை’ என்று சமாதானம் சொன்ன அந்த வரியை நீக்கினேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ரத்துக் கடிதத்தோடு ஏறக்குறைய ஓடினேன்.

அத்தை வீட்டு வாசலில் சாமான் கட்டிய முட்டைக்கோசுப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. ரிங்லெட் ஊர்க் காய்கறித் தோட்டக்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்கியவை. கடிதத்தைப் படித்துச் சொன்னதும் அத்தை என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். மகள் ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சைப் பாதியில் விட்டாள்.

"அப்ப என் பேரு வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"எங்கேருந்து வந்துச்சு?"

"அங்கயேதான் இருந்துச்சு. நான்தான் கூப்பிடல."

அவள் கயிற்றை உருவி, கையில் சுற்றிக்கொண்டாள். "கூப்புடாமயே விட்டிருக்கலாம்லக்கா," என்றாள்.

"என்னாடி பேசுற, நன்றி சொல்லு," என்று அத்தை அதட்டினார். அவள் நன்றி சொன்னாள்.

நான் திரும்பும்போது தண்ணீர்க் குழாயடி வரை கூட வந்தாள். அங்கே குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"நானா போறேன்னு சொன்னா, வீட்ட விட்டுட்டு ஓடிட்டா, அம்மாவ நடுத்தெருவுல நிக்க வச்சிட்டான்னு லயமே பேசும். இப்ப காயிதமே போகச் சொல்லுச்சு. எம்மேல ஒரு பழியும் இல்ல. அம்மாகூட கெளம்ப ஒத்துக்கிச்சு. நாலு நாளு நல்லா இருந்துச்சுக்கா."

"எனக்குத் தெரியல," என்றேன்.

"ஒங்களுக்கா தெரியாது? ஒங்க வீடு யாரு பேர்ல நிக்குது?"

மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தெளிவில்லை. கடிதம் அநியாயமானது, அதை நிற்கவிட்டிருக்க முடியாது. ஆனால் அநியாயத்தை நீக்கியபோது, அதற்குள் தற்செயலாகத் திறந்திருந்த ஒரே கதவையும் நானே சாத்தினேன்.

திங்கட்கிழமை மறுபடியும் மேனேஜரிடம் போனேன். ஓய்வு பெற்றவரே, பிள்ளையின் பெயர் இல்லாமல், சில ஆண்டுகளாவது வீட்டில் இருக்க வழியுண்டா என்று கேட்டேன்.

"அதுக்கு ஒன் புரோகிராம்ல எடமில்லையேம்மா," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எழுதிக் குடு. மேல அனுப்புறேன்," என்றார். எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை.

கிராணி இரு கண்ணும் தெளிந்து திரும்பிவிட்டார். நிரல் திறக்கப் பழையபடி நேரமாகிறது. அதற்குள் அவர் தேநீர் குடித்துவிடுகிறார். பக்கத்து வீடு இப்போது மகளின் பெயரில் நிற்கிறது. அவள் ஆலைக்குப் போய்வருகிறாள். காலையில் என் கதவைத் தட்டுவதில்லை; நான் தனியாக நடக்கிறேன்.