அத்தை வாளியில் ஐந்து லீற்றர்

சமன்பாட்டில் நமக்கு வேண்டியதை மட்டும் ஒரு பக்கத்தில் தனியே நிறுத்திவிட்டு, மற்றதையெல்லாம் அடுத்த பக்கத்துக்குத் துரத்திவிடலாம் என்று பத்தாம் வகுப்பில் தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருக்கி நிற்பது அங்கே போனால் வகுக்கும். கூட்டி நிற்பது கழியும். ஒரு கிழமையாகக் கண்ணில் பட்ட சூத்திரத்தை எல்லாம் புரட்டிப் போட்டேன். இவ்வளவு பெரிய ஆயுதத்தை வைத்துக்கொண்டு பயிற்சிக் கொப்பியில் மட்டும் சண்டை பிடிப்பது எனக்குப் போதவில்லை.

தெரணியகலைக்கு மேலே இருந்த ரப்பர் தோட்டத்தில் அம்மாவும் அத்தையும் பால் வெட்டினார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்தார். நாத்தனாரும் அண்ணியும் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தார்கள். வாரத்தில் இரண்டு சண்டை குறையாது.

பால் கொட்டகையில் ஒவ்வொருவர் வாளியையும் லீற்றரில் அளந்து, அதில் ஒரு மீட்டரை மிதக்கவிடுவார்கள். மீட்டர் காட்டும் எண்ணை லீற்றரால் பெருக்கினால் எத்தனை கிராம் ரப்பர் என்று வந்துவிடும். குறித்த எடை இருந்தால் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். ஒபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பிய அம்மாவுக்கு வெயிலுக்கு முன் எல்லா மரத்தையும் வெட்டி முடிக்க உடம்பில் தெம்பில்லை. அரைப் பேராகவே விழுந்தது. இப்படியே போனால் மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்து விடுவார்கள் என்று அம்மா அழுதார். ஆனால் அடுத்த கிழமையே எப்படியோ முழுப் பேர் விழத் தொடங்கியது. நான் மாரியம்மனுக்கு நன்றி சொல்லிக் கற்பூரம் கொளுத்தினேன்.

அதே நாட்களில்தான் அத்தையின் பால் தண்ணீராகிப் போனது. தண்ணீர் கலக்கிறாள் என்று லயம் முழுக்கப் பேச்சு. இன்னொரு முறை இப்படி வந்தால் மரம் இல்லை என்று பால் அளக்கும் கொட்டகை ஐயா எச்சரித்து விட்டார். அத்தையிடமே கேட்டேன்.

"மழைத் தண்ணிடி. மரத்துல பால் புடிக்கிற செரட்டையில விழுந்திருக்கும்."

அது போதும் எனக்கு. தண்ணீரின் அளவைத் தனியே பிரித்துக் காட்டினால், மழைத் துளி இவ்வளவுதான் என்று எல்லார் வாயையும் அடைத்துவிடலாம். சனிக்கிழமை கொப்பியோடு கொட்டகைக்குப் போய் நின்றேன். ஐயாவுக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் அன்றைய அளவைச் சொன்னார். இருபத்தைந்து லீற்றர், மீட்டரில் இருநூற்று நாற்பது. அத்தையின் பால் வழக்கமாக முந்நூறு காட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நல்ல பால் எத்தனை லீற்றரோ அதை 'ப' என்று வைத்தேன். ப பெருக்கல் முந்நூறு, சமன் இருபத்தைந்து பெருக்கல் இருநூற்று நாற்பது. முந்நூறை அடுத்த பக்கம் தள்ளினேன். ப தனியாக நின்றது: இருபது. வகுப்பில் விடை சொல்லும் அதே குரலில், "மீதி அஞ்சு லீட்டர் தண்ணிங்க ஐயா" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தக் கிழமை ஒரு தூறல்கூட விழவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"ஷா! அஞ்சு லீட்டர் வத்துர," என்றார் ஐயா. அவருக்குச் சிங்களத்தில் சொன்னால்தான் தண்ணீர் தண்ணீராக இருக்கும்.

வரிசையில் நின்ற அம்மா ஓரடி முன்னால் வந்து, "ஐயா, அது வந்துங்க..." என்று தொடங்கினார்.

"நீங்க சும்மா இருங்க அண்ணி," என்று அத்தை குறுக்கே விழுந்தார். "நாந்தாங்க ஊத்தினேன்."

அத்தைக்கு ஒரு மாதம் மரம் இல்லை, புல்லு வெட்டத்தான் போக வேண்டும் என்று தீர்ப்பானது. லயத்துக்குத் திரும்பும்போது நானும் கூடவே நடந்தேன். அத்தை பாதி வழியில் என் தோளில் கைபோட்டு, "எப்படிடி பிசகாம அஞ்சு லீட்டர்னு சொன்ன?" என்று கேட்டுச் சிரித்தார். செய்ததையும் செய்துவிட்டுச் சிரிப்பு வேறா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மாதம் முழுவதும் அத்தையோடு பேசவில்லை.

எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்த அன்று அம்மா சொன்னார். கொட்டகைக்கு வருமுன், தினமும் அத்தை தன் வாளியிலிருந்து ஐந்து லீற்றர் பாலை அம்மாவின் வாளியில் ஊற்றிவிடுவாராம். தன் பால் திடீரென்று குறைந்தால் சந்தேகம் வருமே என்று, ஓடைத் தண்ணீரால் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டாராம். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படி ஓடியதில் அம்மா உடம்பு தேறிவிட்டார். மரமும் தப்பியது, என் படிப்பும் தப்பியது.

அன்றே ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "போடி, நீ கணக்கப் பிழையா போட்டிருந்தாதான் எனக்குக் கவலை" என்று என்னை விரட்டினார். இன்றைக்கு நான் உண்ணும் சோற்றில் அந்தப் பால் இருக்கிறது. இந்த நன்றியை எந்தச் சாமிக்கும் பங்கு கொடுக்க மாட்டேன்.

தண்ணீர் எவ்வளவு என்று கண்டுபிடித்த கெட்டிக்காரிக்கு, வாளியை விட்டுப் போன பால் எங்கே என்று கேட்கத் தெரியவில்லை. அன்று அம்மா எனக்கு இரண்டடி தள்ளி, அந்தப் பாலைத் தூக்கிக்கொண்டுதான் நின்றார்.