வீட்டை அளந்த ஞாயிற்றுக்கிழமைகள்

கடைத்தெருவில் அவளை எல்லோரும் 'கூலிங் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பழுதான ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் ரிப்பேருக்கு வரும் கடையில் அவள் மெக்கானிக். கடைக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் கதவு கழற்றிய ஃபிரிட்ஜுகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குத்தான் வழி. "அக்கா, கொஞ்சம் கூலா பேசுங்க" என்று முதலாளி தினமும் அதே ஜோக்கைச் சொல்வார். அவளும் தினமும் சிரித்து வைப்பாள்.

மகளுக்குப் பதின்மூன்று வயதாகும்போது அவள் வீட்டை விட்டு வந்துவிட்டாள். பெரிய சண்டை எதுவும் இல்லை. கணவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். வீட்டிலும் அதே பழக்கம். அவள் எதைச் சொன்னாலும் அதில் ஒரு திருத்தம் இருக்கும். ஒருநாள் அவள் பேசுவதை நிறுத்தினாள். பிறகு அவரும் நிறுத்தினார். பேச்சில்லாத வீட்டில் எத்தனை நாள்தான் இருப்பது? சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. மகளுக்குப் பள்ளிக்கூடம் அந்த வீட்டுக்குப் பக்கத்தில் என்பதால் அவள் அப்பாவோடு இருந்துவிட்டாள்.

மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் 'வாலு'. சின்ன வயதில் ஓர் இடத்தில் நிற்காது. பதினைந்து வயதில் அந்த வால் எங்கே போனதோ, ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவின் அறைக்கு வந்தால் கட்டில் ஓரத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"ஸ்கூல் எப்படிப் போகுது?"

"போகுது."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. கீழே இஸ்திரிப் பெட்டி மேசையில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"அம்மா, எனக்கு ஒரு ஹெல்ப் வேணும். வீட்ல கரண்ட் எங்க வீணாகுதுன்னு கண்டுபிடிச்சுக் குறைக்கணும். ஸ்கூல் ப்ராஜெக்ட். நெட்ல பாத்துக் காப்பியடிச்சா மார்க்கே கிடையாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

"எந்த வீட்ல?" என்று கேட்டுவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நம்ம வீட்லதான். வேற எங்க?"

'நம்ம' என்ற அந்தச் சொல்லை மகள் யோசிக்காமல்தான் சொன்னாள். ஆனால் அம்மாவுக்கு அது நெஞ்சில் போய் நின்றது.

"இதுல கண்டுபிடிக்க என்னடி இருக்கு? ஃபிரிட்ஜ்தான். கதவு ரப்பர் கிழிஞ்சு தொங்குது. எத்தன தடவ சொல்லியிருப்பேன். அப்புறம் ஹால்ல அந்த நீள டியூப்லைட். டிவிய ராத்திரி பிளக்கோட அப்படியே விட்டுடுவீங்க."

மகள் தயங்கினாள். "அம்மா, அந்த ஃபிரிட்ஜ் இப்ப இல்ல. அப்பா போன வருஷமே புதுசு வாங்கிட்டாரு. ஹால்ல இப்ப எல்இடி. டிவி என் ரூமுக்கு வந்துடுச்சு."

கண்ணை மூடினால் அந்த வீட்டில் ஒவ்வொரு சுவிட்சும் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தினமும் தூங்குவதற்கு முன் மனதுக்குள் ஒருமுறை அந்த வீட்டைச் சுற்றி வருகிறவள். அப்படிச் சுற்றி வந்த வீடு இப்போது இல்லை என்று தெரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

"சரி, நான் சொன்னத விடு," என்றாள் கடைசியில். "யார் சொல்றதையும் நம்பாத, நான் சொல்றதையும் சேத்துத்தான். அளந்து பாரு."

பிளக் பாயிண்டில் செருகி அதன்மேல் சாமானைச் செருகினால் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்டும் ஒரு சின்ன மீட்டரைக் கடையிலிருந்து இரவல் வாங்கிக் கொடுத்தாள். எந்தச் சாமானையும் அளப்பதற்கு முன் எவ்வளவு இருக்கும் என்று ஓர் ஊகம் சொல்ல வேண்டும், ஊகம் தப்பினால் ஏன் தப்பியது என்று தேட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். வீடு முழுக்க ஆகும் மின்சாரத்தைக் காட்டும் வாசல் மீட்டரையும் காலையும் மாலையும் பார்க்கச் சொன்னாள். மகளுக்கு முதலில் எல்லா ஊகமும் தப்பியது. டிவிதான் ராட்சசன் என்று நினைத்திருந்தாள்; இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் அது கொசு. "ச்சே, சின்னப் பெட்டி, என்னமா குடிக்குது!" என்று போன் போட்டுச் சொன்னாள். வாரத்துக்கு ஒருமுறை வந்த மகள், நாளுக்கு ஒருமுறை போனில் கூப்பிட ஆரம்பித்தாள்.

அந்த அளவுகளோடு சேர்ந்து வீடும் வந்தது. இஸ்திரி போடுவது அப்பா, துணி துவைப்பது மகள். விடியும் முன்னே சமையலறை விளக்கு எரிகிறது, அவர் இப்போது சீக்கிரம் எழுந்துகொள்கிறார். ஆராய்ச்சிக்குத் தேவையில்லாததையும் அம்மா கேட்டாள்.

"ஜன்னலுக்கு என்ன கலர் திரை போட்டிருக்கீங்க?"

"அதுக்கும் கரண்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"வெளிச்சம் உள்ள வருதா இல்லையான்னு பாக்கணும்ல?"

"பச்சை," என்றாள் மகள். பிறகு கேட்காமலே, "நீ வாங்கினதுதான். மாத்தல," என்றாள்.

சில வாரத்தில் ஒரு சிக்கல் வந்தது. வீட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் வாசல் மீட்டர் காட்டுவது அதைவிட அதிகமாக இருந்தது. கணக்கு உதைத்தது.

"யாரோ நம்ம லைன்ல திருடறாங்கம்மா!"

"வெளிய திருடனத் தேடறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவ தேடு. நாளைக்கு சாயங்காலம் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு எனக்குப் போன் பண்ணு."

மறுநாள் மாலை அவள் கடைக்குப் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அங்கே மகள் மீட்டருக்கு முன்னால் நின்றாள்.

"எல்லாம் ஆஃப். ஆனா மீட்டர்ல சிவப்பு லைட் இன்னும் சிமிட்டுதும்மா."

"அப்ப எங்கயோ இன்னும் கரண்ட் ஓடுது. மெயின் பாக்ஸத் திற. ஒவ்வொரு சுவிட்சா கீழ இறக்கு. எது இறக்கும்போது சிமிட்டறது நிக்குதுன்னு சொல்லு."

மகளுக்குப் பின்னால் கணவரின் குரல் கேட்டது. "மெதுவா. கை ஈரமா இருக்கா பாரு." அவளிடம் இல்லை, மகளிடம்தான். இருந்தும் அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஹால், சிமிட்டுது. கிச்சன், சிமிட்டுது. பின் ரூம்… நின்னுடுச்சும்மா! ஆனா அங்க ஒண்ணுமே இல்லையே. ஒரு பீரோ, பழைய பெட்டி ரெண்டு. அந்த ரூமுக்கு நாங்க போறதே இல்ல."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அது அவள் படுத்த அறை.

"பாத்ரூம் கதவுக்குப் பக்கத்துல ஒரு சுவிட்ச் இருக்கும். பாரு."

"அங்கதான் பீரோ நிக்குது. இரும்மா… அப்பா, ஒரு கை பிடிங்களேன்." எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. "ஆமாம்மா, இருக்கு! ஆன்ல இருக்கு! ஹீட்டர்!" மெயின் பாக்ஸில் இறக்கிய சுவிட்சை மறுபடி மேலே தூக்கிவிட்டு மகள் குழாயைத் திறந்தாள். "அய்யோ, கொதிக்குதும்மா. தண்ணி துரு கலர்ல வருது."

அவள் கிளம்பி வந்த அன்று காலை, குளித்துவிட்டுப் போகலாம் என்று அந்தச் சுவிட்சைப் போட்டாள். தண்ணீர் காய்வதற்குள் மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில் குளிக்காமலே பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அப்புறம் யாரோ பீரோவை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். ஆளில்லாத குளியலறையில் தண்ணீர் ஆறி ஆறிச் சூடாகிக்கொண்டே இருந்திருக்கிறது.

"யாரும்மா போட்டிருப்பாங்க?"

"நான்தான். கிளம்பின அன்னைக்கு."

மகள் உற்சாகமாகக் கத்தினாள். "அப்ப ரெண்டு வருஷத்துக்கும் சேத்துக் கணக்குப் போடலாம்! சூப்பர்மா! எங்க கிளாஸ்ல யாருக்கும் இப்படிக் கிடைச்சிருக்காது!"

"போடு," என்றாள் அவள். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

அவ்வளவு நாள் சூடேறிக் கிடந்த ஹீட்டர் தொட்டியை அப்படியே விடக்கூடாது, கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். 'அம்மா வந்து பாக்கட்டும்' என்று மகள் சொல்ல, அவரும் மறுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கருவிப் பையோடு அந்த வீட்டு வாசலில் நின்றாள். அவர் கதவைத் திறந்தார். 'வா' என்றும் சொல்லவில்லை, 'வாங்க' என்றும் சொல்லவில்லை. "வெயில் ஜாஸ்தி," என்றார்.

பின் அறை இருட்டாக இருந்தது. கை தானாகப் போய் விளக்கு சுவிட்சைத் தொட்டது. அது மட்டும் இடம் மாறவில்லை. ஸ்டூலில் ஏறித் தொட்டியின் மூடியைக் கழற்றும்போது ஸ்டூல் ஆடியது.

"கால் ஒண்ணு குட்டை. பிடிச்சுக்கறேன்," என்றார் அவர்.

வேலை முடியும்வரை குனிந்து பிடித்துக்கொண்டே நின்றார். அவர் உச்சந்தலையில் முடி உதிர்ந்திருப்பதை அவள் மேலிருந்து பார்த்தாள். வாளியில் சேறு மாதிரி படிவு விழுந்தது. ஒரு திருத்தமும் சொல்லாமல் அவர் அதை எடுத்துப்போய் வெளியே கொட்டினார்.

"டீ போடலாமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"இல்ல, கடையில வேலை இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அது அந்த மூன்று பேருக்குமே தெரியும். தெருவில் இறங்கிப் பாதி தூரம் வந்தபிறகுதான், ஒரு டீ குடித்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பிப் போக முடியாது என்பதும் கூடவே தோன்றியது.

வீட்டின் மின்சாரச் செலவு கால்வாசிக்கு மேல் குறைந்தது. மகள் வகுப்பில் எழுந்து பேசினாள்; கைதட்டல் வாங்கினாள். அறிக்கையில் ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை, அது அப்பாவின் கைங்கரியம். ப்ராஜெக்ட் முடிந்ததில் வருத்தப்பட்ட ஒரே ஆள் கூலிங் அக்காதான். இனி மகள் எதற்குப் போன் பண்ணப் போகிறாள் என்று அந்த வாரம் முழுக்க மனது கிடந்து அடித்துக்கொண்டது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாலு வந்தாள், கையில் அந்தச் சின்ன மீட்டரோடு. "உன் ரூம அளக்கப் போறேன்," என்றாள். அளக்க என்ன இருக்கிறது? ஒரு மின்விசிறி, ஒரு விளக்கு, போன் சார்ஜர். எல்லாவற்றையும் அளந்து முடித்துவிட்டு மகள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இங்க குறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையேம்மா."

அவள் சிரித்தாள்.

"நீ ரூம்லயே இருக்கறதில்லையா?"

"இருந்து என்ன பண்ண?"

மகள் அன்று இருட்டும்வரை இருந்தாள். அதற்குப் பிறகு சில சனிக்கிழமை இரவுகள் அங்கேயே தங்கினாள். எல்லா வாரமும் இல்லை. பரீட்சை வரும், தோழி வீட்டு விசேஷம் வரும். பிறகு வேறு ஊருக்கு மின்பொறியியல் படிக்கப் போய்விட்டாள். இப்போது விடுதியின் வீணாய்ப்போன மின்விசிறிகளைப் பற்றி வாரம் தவறாமல் போனில் புலம்புகிறாள். "ஊகம் சொல்லு முதல்ல," என்கிறாள் அம்மா.

கூலிங் அக்கா இன்னமும் அந்தக் கடையில்தான் இருக்கிறாள். வேலை முடிந்து போகும்போது, சுற்று வழியானாலும், அந்தத் தெருமுனை வழியாகத்தான் போகிறாள். முன் ஜன்னலில் வெளிச்சம் தெரியும். அவர் உட்கார்ந்து யாருடைய பிழையையோ திருத்திக்கொண்டிருப்பார். அவள் நின்று பார்ப்பதில்லை. அந்த இடத்தில் மட்டும் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொள்கிறாள்.