மெரினா கொண்டுவந்த ஆண் பூ

றப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடிந்தால் மெரினா வீடு தங்கமாட்டாள். தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகப் பேசிவிட்டு, கீழே சிங்களக் கிராமத்துக்கும் இறங்கிவிடுவாள்.

"ஒரு எடத்துல இருக்க மாட்டியா?" என்று புருஷன் அந்தனி எரிந்து விழுவான்.

அவளுடைய பூசணிக்கொடியில் பிஞ்செல்லாம் அழுகி உதிர்ந்தது. கிராமத்துச் சிநேகிதி சோமாவதிக்குத் தோசைமாவு புளிக்கவைக்கச் சொல்லிக்கொடுத்த அன்று, அந்தக் குறையையும் கொட்டினாள். காய்க்காத பூக்களைத் தினமும் பறித்து வதக்கிச் சுண்டல்கறி ஆக்கியும் கொடி தேறவில்லையாம்.

சோமாவதி விழுந்து விழுந்து சிரித்தாள். பறித்துத் தின்றதெல்லாம் ஆண் பூ. அதன் மகரந்தம் படாமல் பிஞ்சு எப்படி நிற்கும்?

தன் கொடியில் ஆண் பூ ஒன்றும் மிஞ்சாததால், ஞாயிறு விடியலில் சோமாவதியின் கொடியில் பறித்த ஆண் பூவொன்றை உள்ளங்கையில் ஏந்தி மெரினா மலையேறினாள். றப்பர் மரங்களுக்கிடையே மிதந்த பனியில் அது சின்ன விளக்காய் மினுங்கியது. தன் கொடியில் அப்போதுதான் விரிந்த பெண் பூவுக்குள் அதை மெல்லத் தொட்டாள். விரலில் ஒட்டிய மஞ்சள் தூளைத் துடைக்க மனம் வராமல், தூக்கத்தில் நடப்பவள் போல அன்று முழுக்கத் திரிந்தாள்.

பூசணி விளைந்தது. அந்தனி இரண்டாம் தரமும் கறி கேட்டான்.

"நான் ஒரு எடத்துல இருந்திருந்தா," என்றாள் மெரினா, அகப்பையை ஓங்கியபடி, "நீங்க இன்னைக்கும் பூவத்தான் தின்னுக்கிட்டிருப்பீங்க."