பாதியில் நின்ற ‘ஆனா’

மனசுக்குள் சாந்தகுமாரி நன்றாகப் பேசுவாள். ரங்கூனின் புறநகரான இன்சீனில் வட்ட ரயில் ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் போதும், நகரத்துக்குப் போய்ச் சேரும்வரை பேச்சு நிற்காது. ரயில் போகிற வேகத்தில், பக்கத்துச் சாலையில் சைக்கிள் மிதிக்கிறவரின் கன்னத்தில் அரைத்துப் பூசிய தனக்கா மரப்பட்டைச் சாந்தைக்கூட நிதானமாகப் பார்க்கலாம். கங்குன் கீரைப் பாத்திகள், தேங்கிய மழைத்தண்ணீர், அதில் தலைகீழாக ஒரு வானம். அந்த வானத்தைப் பார்த்தபடியே அவள் நோயாளிகளை விசாரிப்பாள், ஆறுதல் சொல்வாள், யாரையாவது கேலிகூடச் செய்வாள். உதடு மட்டும் அசையாது.

வயது இருபது. மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கிறார். வீட்டில் தமிழ், படித்தது பர்மிய மொழியில். கல்லூரியில் அவளுக்குப் பெயர் தீதா. தமிழ் முழுக்கப் புரியும். பேசினால் பர்மிய ராகம் வந்துவிடும். கோயிலில் பெரியம்மாக்கள் அதைக் கேட்டுச் சிரித்த பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பர்மிய மொழியிலோ, பேசலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும்.

அப்படிப்பட்டவள் ‘லெத்வே’யில் சேர விரும்பியதுதான் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. லெத்வே என்றால் கை கோத்தல். மருத்துவம் சார்ந்த படிப்புகளில் இருக்கிற மாணவர்களும் மாணவிகளும் சேர்ந்து நடத்துகிற சங்கம் அது. தாதியர், மருந்தாளர், ஆய்வுக்கூடம், உடற்பயிற்சி சிகிச்சை என்று எல்லாத் துறையும் உண்டு. ஞாயிறுதோறும் ஒரு பேட்டையில் முகாம். உள்ளே வந்துவிட்டால் எல்லாரும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. பரீட்சைக்குச் சேர்ந்து படிப்பார்கள், ஒருவர் வேலைக்குப் போனால் அடுத்தவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சாந்தகுமாரிக்கு வேலையைவிட அந்த வட்டத்தின் மேல்தான் ஆசை. முகாம் முடிந்ததும் எல்லாரும் கை கோத்து நிற்பார்கள். புதியவர்கள் வெளியே நின்று பார்க்க வேண்டும். மூன்று மாதமாக அவள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிதாக வருகிறவரை மூத்தவர் ஒருவர் கவனிப்பார். மூன்றாம் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, “இவருக்காக நான் நிற்கிறேன்” என்று அந்த மூத்தவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நன்றி கூறி அனுப்பிவிடுவார்கள். அவளைக் கவனித்தவன் மின் தூ. மருந்தாளர் படிப்பில் கடைசி ஆண்டு. சத்தமாகச் சிரிக்கிறவன், நல்லவன். போன வாரமே சொல்லிவிட்டான்.

“தீதா, உன்னைப் பற்றிய மதிப்பீட்டுத் தாளில் பன்னிரண்டு வாரமும் ஒரே வார்த்தைதான் எழுதியிருக்கிறேன். ‘அமைதி.’ நோயாளியிடம் வாய் திறக்காத ஆளுக்காக நான் எப்படி நிற்பது? வர்ற ஞாயிறாவது பேசு.”

அவள் தலையை ஆட்டினாள். அதையும் பேசாமல்தான் ஆட்டினாள்.

அந்த ஞாயிறு போட்டாதாங்கில் முகாம். படகுத்துறைக்குப் பக்கத்தில், பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் தாழ்வாரத்தில் நான்கு மேசை போட்டிருந்தார்கள். முதல் மேசையில் பெயர் எழுதுவது, இரண்டாவதில் ரத்த அழுத்தம் பார்ப்பது, மூன்றாவதில் மருந்து விசாரணை, நான்காவதில் டாக்டரம்மா. மழை தூறியது. ஆற்றுக்கு அக்கரை தெரியவில்லை. படகுகள் வெள்ளையான ஒன்றுமில்லாத இடத்திலிருந்து முளைத்து வந்துகொண்டிருந்தன. மூன்றாவது மேசையில் மின் தூ கேட்க, பக்கத்தில் உட்கார்ந்து அவள் எழுதினாள்.

பத்து மணிக்குப் பொன்னுத்துரை வந்தார். முன்பு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இப்போது படகுக்காரர்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறார். கட்டம் போட்ட கைலி, தோளில் துண்டு. ரத்த அழுத்தம் நூற்று எண்பதுக்கு மேல் இருந்தது.

“ஊலே, மருந்து தினமும் சாப்பிடுறீங்களா?” என்று பர்மிய மொழியில் மின் தூ கேட்டான். ஊலே என்றால் மாமா.

பொன்னுத்துரை பர்மிய மொழியில் தொடங்கித் தமிழில் முடித்தார். “சாப்பிடுறேன். ஆனா...”

மின் தூ சிரித்தான். “ஆமனாபானெ, ஊலே! ஆமனாபானெ!”

கூச்சப்படாதீங்க என்று அர்த்தம். அடுத்தவரைச் சிரமப்படுத்துகிறோமே என்று தயங்குவதைப் பர்மிய மொழியில் ‘ஆனா’ என்பார்கள். ரங்கூனில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழுகிற சொல். பெரியவர் தனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று சொல்வதாக அவன் நினைத்துக்கொண்டான்.

பொன்னுத்துரை குழம்பிப்போய்ச் சிரித்தார். மறுபடி முயன்றார். “இல்ல தம்பி, சாப்பிடுறேன், ஆனா...”

“பார் தீதா, எவ்வளவு மரியாதையான மனுஷன்,” என்றான் மின் தூ. “நாமதான் இலவசமா பார்க்கிறோம், இவர் கூச்சப்படுறார். எழுது: மருந்து தினமும் எடுக்கிறார். அழுத்தம் குறையவில்லை.”

அவள் எழுதினாள். எழுதிய பிறகு பேனா நகரவில்லை. அந்த ‘ஆனா’ காகிதத்துக்கு மேலே எங்கோ தொங்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு வாக்கியம் நிற்கிறது. கதவு திறக்கும் என்று காத்திருந்துவிட்டு, ஆள் திரும்பிப் போகிறார்.

பொன்னுத்துரை தாளை வாங்கிக்கொண்டு நான்காவது மேசைக்கு நடந்தார். முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். இப்போது சொன்னால் மின் தூவை எல்லாருக்கும் முன்னால் திருத்தியதாகும். சாயங்காலம் அவளுக்காக நிற்க வேண்டியவன் அவன். சொல்லாவிட்டால் அந்தத் தாளை நம்பி டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டுவார். அவளுக்கும் அந்த ‘ஆனா’தான் வந்தது, பர்மிய ‘ஆனா’.

வரிசையில் முன்னால் ஒருவர் குறைந்தார்.

அவள் எழுந்து போனாள். “பெரியப்பா.” குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. “சாப்பிடுறீங்க, ஆனா... ஆனா என்ன?”

பெரியவர் திரும்பினார். அவள் தமிழின் ராகத்தைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது.

“அட, நம்ம புள்ளையா நீ! இத்தன நேரம் ஊமையாட்டம் உக்காந்திருந்தியே!”

“சொல்லுங்க பெரியப்பா.”

“அதுவாம்மா. எனக்கும் பிரஷர், எங்க வீட்டுக்காரி ரத்தினம்மாளுக்கும் பிரஷர். வாங்குறது ஒரு பட்டை மாத்திரை. ஒத்தப்படைத் தேதி அவ, ரெட்டைப்படைத் தேதி நான். ஒழுங்காத்தான் போகுது. முப்பத்தொண்ணாந் தேதி வந்தாத்தான் சண்டை. மறுநாளும் ஒத்தப்படையாச்சே, ரெண்டு நாளும் தனக்குத்தாங்கிறா!”

சாந்தகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பர்மிய மொழியில் டாக்டரம்மாவிடம் சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில் திக்கினாள், ஆனால் நிறுத்தவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லவேளை. மாத்திரையைக் கூட்டியிருப்பேன். அதையும் இரண்டு பேரும் பங்கு போட்டிருப்பார்கள். அந்த அம்மாவுக்கு எவ்வளவு அழுத்தம் என்றே நமக்குத் தெரியாது. அவர்களையும் அழைத்து வரச் சொல். ஆளுக்கு ஒரு பட்டை, தினமும் என்று சொல்.”

சொன்னாள். “தினமுமா?” என்றார் பொன்னுத்துரை. “அப்ப சண்டைக்கு வேற எதாச்சும் கண்டுபிடிப்பா.”

மின் தூ மூன்றாவது மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேவைக் கிண்ணத்தை அவளை விட்டு வேறு பக்கம் கொண்டுபோய் உட்கார்ந்தான். இனி ஞாயிறுகளில் என்ன செய்வது என்று அவள் யோசித்தாள். ரயிலில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி, ஏறிய இடத்திலேயே இறங்கலாம்.

நாலு மணிக்கு மழை விட்டது. ஆறு வெளிச்சமாகிவிட்டது, அக்கரை வந்து நின்றது. எல்லாரும் கை கோத்தார்கள். தாதியர் படிப்பில் இருக்கும் தலைவி ஏய் ஃப்யூ கேட்டாள்:

“தீதாவுக்காக யார் நிற்கிறீர்கள்?”



“பன்னிரண்டு வாரம் ‘அமைதி’ என்று எழுதினேன்,” என்றான் மின் தூ. “அது பொய்யில்லை, அதைத் தாளிலிருந்து அடிக்க மாட்டேன். காலையில் என்னை எல்லாருக்கும் முன்னால் திருத்தினாள். சாப்பிட்டு முடிக்கிறவரை கோபமாக இருந்தது. அப்புறம் யோசித்தேன். அவள் எனக்காகத் தயங்கியிருந்தால் அந்த ஊலே என்ன ஆகியிருப்பார்?” தரையைப் பார்த்துச் சொன்னான்: “நான் நிற்கிறேன்.”

வட்டம் ஓரிடத்தில் பிரிந்தது. இரண்டு பக்கமும் இரண்டு கைகள் நீண்டன. ஒன்று ஈரமாக இருந்தது, ஒன்றில் மருந்து வாசனை. அதற்குள் போய் நின்றபோது, ரயில் ஜன்னலில் பார்க்கிற தண்ணீருக்குள் இறங்கிவிட்டதுபோல் அவளுக்கு இருந்தது. ஆனால் கால் நனையவில்லை.

கை விட்டதும் மின் தூ பையிலிருந்து ஒரு கட்டுத் தாள் எடுத்தான்.

“இதெல்லாம் இந்தத் தெருக்காரர்கள், போன தடவை வந்தவர்கள். பதினோரு பேர் தாளில் ‘கூச்சப்படுகிறார்’ என்று எழுதியிருக்கிறேன். உண்மையிலேயே எத்தனை பேர் கூச்சப்பட்டார்களோ தெரியவில்லை. எனக்கு மானம் போகிறது. வருகிறாயா?”

“எல்லாம் தமிழ்க்காரங்களா?”

“எல்லாரும்.”

கிடங்குகளுக்குப் பின்னாலிருந்த தெருவில் முதல் முகவரி மாடியில். படியேறிக் கதவைத் தட்டினாள். கையில் கரண்டியோடு ஓர் அம்மாள் திறந்தாள். சாந்தகுமாரி தமிழில் யாரென்று சொல்லி, போன முகாமில் மருந்தைப் பற்றி முழுதாகச் சொல்ல முடிந்ததா என்று கேட்டாள்.

“எங்கேம்மா சொல்ல விட்டாங்க?” என்ற அந்த அம்மாள் கரண்டியை உள்ளே வைத்துவிட்டு வந்து, முதலிலிருந்து தொடங்கினாள். ஒரு வார்த்தையும் புரியாத மின் தூ சாந்தகுமாரியின் முகத்தைப் பார்த்தான், பேனாவை மூடினான், படியில் வசதியாக உட்கார்ந்துகொண்டான்.