ப்ரிசி மடித்துக் கொடுத்த பக்கம்

நான் ஒரு குழந்தை மடித்து வைத்த பக்கத்தைத் திறந்து படித்தேன். படித்ததோடு நிற்கவில்லை. அதை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு என் பெயரில் அச்சிலும் கொண்டுவந்தேன்.

அந்தக் குழந்தைக்கு ஒன்பது வயது. அவளை இங்கே ப்ரிசி என்று அழைக்கிறேன். அவளுடைய உண்மைப் பெயர் அதுவல்ல. அதையாவது உங்களிடமிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறேன். அவள் இன்றும் என்னிடம் பிரியமாக இருக்கிறாள். முன்பைவிட அதிகப் பிரியமாக. அதனால்தான் அவளிடம் சொல்ல முடியாமல் உங்களிடம் வந்து நிற்கிறேன்.

லிங்கராஜபுரத்தில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய கூடத்தில், சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். பதினான்கு பிள்ளைகள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். பேசச் சொன்னால் கூரை அதிரும்; எழுதச் சொன்னால் பென்சிலைக் கடிப்பார்கள். என் மகள் மித்ராவுக்கு மூன்று வயது. அவளை விட்டுவர ஆளில்லாததால் அவளும் வருவாள். மூலையில் உட்கார்ந்து சுண்ணக்கட்டியைத் தின்னப் பார்ப்பாள். நான் பாதிக் கண்ணை அவள்மீது வைத்துக்கொண்டேதான் பாடம் நடத்துவேன்.

என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. முதல் இருபது நிமிடம் யாரும் பேசக்கூடாது, எழுத வேண்டும். நானும் என் குறிப்பேட்டைத் திறந்து அவர்களோடு எழுதுவேன். எழுதியதை நான் படிக்கக்கூடாது என்று ஒரு பிள்ளை நினைத்தால், அந்தப் பக்கத்தை உள்பக்கமாக மடித்துவிடலாம். மடித்த பக்கத்தை மிஸ் திறக்க மாட்டேன். இது என் வாக்கு.

பிள்ளைகள் சும்மா நம்பிவிடுவார்களா? சஹானா என்ற சிறுமி மூன்று வாரம் தொடர்ந்து பக்கத்தை மடித்தே கொடுத்தாள். நான்காவது வாரம் என்முன் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"மிஸ், நா மடிச்சதுல ஒண்ணுமே எழுதல. நீங்க ஏன் திட்டல?"

"நான்தான் பாக்கவே இல்லையே."

"நெஜமாவா?" அவள் திரும்பி வகுப்பைப் பார்த்தாள். "டேய், மிஸ் நெஜமாவே பாக்கறதில்லடா."

அன்றிலிருந்து மடித்த பக்கங்கள் பெருகின. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா… படிக்காத பக்கங்களைப் பற்றி ஓர் ஆசிரியைக்கு அத்தனை பெருமை!

என் குறிப்பேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருமணத்துக்கு முன் என் கதைகள் இரண்டு வெளிவந்திருந்தன. மித்ரா பிறந்த பிறகு அந்தக் குறிப்பேட்டில் நான் எழுதியவை: "காய்ச்சல் 99.2, நான்கு மணிக்கு மறுபடி பார்க்க வேண்டும்." "வலது காதைத் தேய்க்கிறாள், சளியா?" "இன்று இரண்டு இட்லி, ஒன்று துப்பிவிட்டாள்." வகுப்பில் பிள்ளைகள் மளமளவென்று எழுதிக்கொண்டிருக்கும்போது, நான் அவர்கள்முன் உட்கார்ந்து கீரை, சோப்பு, தடுப்பூசி என்று எழுதிக்கொண்டிருப்பேன். அவர்கள் என்னைப் பார்த்து, மிஸ் என்னவோ பெரிதாக எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு ஞாயிறு பிற்பகல். மித்ரா என் மடியில் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். என் கணவர் சலூனுக்குப் போயிருந்தார். நான் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ப்ரிசியின் நோட்டில் கடைசிப் பக்கம் மடித்திருந்தது.

அந்த வாரம் முழுக்க என் தொலைபேசியில் அம்மாக்களின் குழு ஒன்று புலம்பிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மனதில் எதையோ மறைக்கிறார்கள், நாம்தான் கவனிக்க வேண்டும், பிறகு அழுது பயனில்லை. எனக்குப் பயப்படச் சொல்லித்தர வேண்டியதில்லை. ப்ரிசி அந்தச் சனிக்கிழமை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்பது நினைவுக்கு வந்தது. அவளுடைய அப்பா ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை; வாரக் கடைசியில்தான் வீடு. அம்மா ஸ்டெல்லா துணிக்கடையில் வேலை முடித்துவர நேரமாகும். அதுவரை பிள்ளை காக்ஸ் டவுனில் சித்தி வீட்டில். யாராவது அவளை… ஏதாவது…

பக்கத்தைத் திறந்தேன்.

அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான். எழுத்துப் பிழைகளை மட்டும் நீக்கித் தருகிறேன்.

"நான் பஸ்ஸில் தூங்குவதில்லை. தூங்கின மாதிரி நடிக்கிறேன். ஸ்டாப் வந்ததும் அம்மா என்னைத் தூக்கிக்கொள்வாள். என் பையும் அவள் பையும்கூட அவள் தோளில்தான். எங்கள் வீடு மூன்றாம் மாடி. இரண்டாம் மாடியில் அம்மா நின்று மூச்சு வாங்குவாள். அப்போது அவள் நெஞ்சு என் காதில் டம் டம் என்று கேட்கும். அதைக் கேட்கத்தான் நான் கண்ணைத் திறப்பதில்லை. அம்மாவுக்கு முட்டி வலி. நான் கெட்ட பிள்ளை."

எந்த ஆபத்தும் இல்லை. அது முதல் இரண்டு வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கறைதான் காரணம் என்றால் அங்கேயே மடித்திருக்க வேண்டும், இல்லையா? நான் கடைசிவரை படித்தேன். மீண்டும் முதலிலிருந்து படித்தேன். பிறகு மித்ராவின் காலை மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோய், என் பேனாவை எடுத்துவந்தேன்.

அந்தச் சில அடிகள்தான் என்னை இன்றும் குத்துகின்றன. பேனா அடுத்த அறையில் இருந்தது. திரும்பி வருவதற்குள் என் மனம் மாறியிருக்கலாம்.

அன்று மாலைக்குள் ஒரு சிறு கதை எழுதிவிட்டேன். மாதக்கணக்கில் வராத எழுத்து, குழாய் திறந்ததுபோல் வந்தது. பேருந்தை ஆட்டோ ஆக்கினேன். மூன்றாம் மாடியை இரண்டாம் மாடி ஆக்கினேன். திருடிய சைக்கிளுக்கு வேறு வண்ணம் அடிப்பதுபோல. ஆனால் அந்த நெஞ்சுச் சத்தத்தை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அதை மாற்றினால் கதையில் என்ன மிஞ்சும்?

ஒரு சிறிய மாத இதழ் அதை வெளியிட்டது. அதன் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "அந்த நெஞ்சு வரி இருக்கே, அது அம்மாவா இருக்கறவங்களாலதான் எழுத முடியும்" என்றார். நன்றி என்று சொன்னேன். வேறென்ன சொல்வது?

யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். ஆனால் எங்கள் வகுப்பை நடத்த இடம் வாங்கித் தந்த ஜெயராணி ஆன்ட்டியிடம் நான்தான் இதழைக் காட்டினேன். காட்டாமல் இருக்க முடியவில்லை. அவர் பக்கத்தைப் படம் பிடித்து, பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். "நம்ம காயத்ரி டீச்சர் எழுதினது. எல்லாரும் படிங்க." கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன.

அடுத்த சனிக்கிழமை ஸ்டெல்லா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், படிச்சிட்டு சிரிச்சிட்டே இருந்தேன். எங்க வீட்ல ஒரு கள்ளி இருக்கா, அதே ஆக்டிங். எனக்கு டவுட்டு இருந்திச்சி. தூங்கற புள்ள யாராச்சும் செருப்பு விழாம கால மடக்கிக்குவாங்களா?"

நான் சிரிக்க முயன்றேன்.

"செவ்வாக்கெழம பஸ்ல அவ காதுல சொன்னேன். ஏய், மிஸ் எல்லாம் எழுதிட்டாங்க, எறங்கி நட அப்டின்னேன். டக்குனு கண்ண தொறந்துட்டா. இப்ப ஒழுங்கா நடக்கறா. என் முட்டி உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லுது மிஸ்."

"நல்லதுக்கா…" என்றேன்.

அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நான்கு அடி போய்த் திரும்பினார். "என்ன, கை சும்மா இருக்கறாப்ல இருக்கு. அவ்ளோதான்."

கேட்டீர்களா? ஒரு வரியை எடுத்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு பிள்ளை தினமும் ஏறிவந்த தோளை எடுத்துவிட்டேன். இன்னும் ஒரு வருடம் அவள் அதில் ஏறியிருப்பாள். பிறகு வளர்ந்து, தானே இறங்கியிருப்பாள். முட்டிவலி குறைந்தது நல்லதுதானே என்று நானும் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் ஒரு வேளைச் சோற்றுக்குக்கூட நிற்கவில்லை.

அன்று வகுப்பில் ப்ரிசியை நிமிர்ந்து பார்க்கவில்லை. இடைவேளையில் மற்றவர்கள் தண்ணீர் குடிக்க ஓடியபோது அவள் மட்டும் என் மேசைக்கு வந்தாள். நான் தயாரானேன். நீங்க திறந்தீங்களா மிஸ் என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

"மிஸ், உங்களுக்கும் கேட்டுச்சா? உங்க அம்மா நெஞ்சு?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. அவளும் கதையைப் படித்திருக்கிறாள். நான் திருடியிருப்பேன் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. மடித்த பக்கத்தை மிஸ் திறக்க மாட்டார்கள். அப்படியானால் மிஸ்ஸும் சின்ன வயதில் தன்னைப் போலவே இருந்திருக்க வேண்டும். அவள் கண்டுபிடித்திருந்த ஒரே விளக்கம் அதுதான்.

நான் வீட்டில் மூத்தவள். எனக்குப் பின் இரண்டு தம்பிகள். என் நினைவில் நான் எப்போதும் நடந்துதான் வந்திருக்கிறேன், கையில் ஒரு பையோடு. என் அம்மாவின் தோளில் இருந்தது நானல்ல.

"கேட்டுச்சு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. முன்பல் விழுந்த இடைவெளி முழுதாகத் தெரிந்தது.

"நா மட்டும்தான்னு நெனச்சிட்டு இருந்தேன் மிஸ்."

இப்போது சொல்லுங்கள். பக்கத்தைத் திறந்தது பெரிய குற்றமா, இந்த ஒரு சொல் பெரிய குற்றமா?

அன்றிலிருந்து ப்ரிசி பக்கங்களை மடிப்பதில்லை. "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று திறந்தபடியே கொடுக்கிறாள். மித்ராவுக்குத் தன் பழைய ரப்பர் பேண்டுகளால் குடுமி போட்டுவிடுகிறாள். வகுப்பு முடிந்தும் போகாமல் என்னோடு பெஞ்சுகளை நகர்த்துகிறாள். நகர்த்தும்போது கேட்கிறாள்.

"மிஸ், உங்க வீடு எத்தனாவது மாடி?"

"ரெண்டாவது."

"உங்க அம்மாக்கும் முட்டி வலியா?"

"இடுப்பு வலி."

வீட்டுக்கு வந்ததும் இதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன். இரண்டாம் மாடி, இடுப்பு வலி, பச்சைச் சேலை, மூன்றாம் வகுப்புவரை. அடுத்த வாரம் மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே! காய்ச்சல் குறிப்புகளுக்கு நடுவே, எனக்கு இல்லாத ஒரு குழந்தைப் பருவம் ஒழுங்காக வளர்ந்துவருகிறது. சில வேளை, அவளுக்கு உண்மை தெரிந்தே என்னைத் தப்பவிடுகிறாளோ என்று தோன்றும். ஒன்பது வயதில் அத்தனை கருணை இருக்குமா… தெரியவில்லை. அந்த முகத்தில் அப்படி எதையும் நான் காணவில்லை.

ஒருமுறை சொல்லிவிடத்தான் துணிந்தேன். போன சனிக்கிழமை. கூடத்தில் நாங்கள் மூவர் மட்டும். மித்ரா பெஞ்சுக்கு அடியில்.

"ப்ரிசி, மிஸ் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று தொடங்கினேன்.

"தெரியும் மிஸ். நடிச்சது தப்புதான். நானும் பண்ணேனே." பெரிய மனுஷி போலத் தலையாட்டினாள். புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்குவதற்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் பாவங்களை ஃபாதரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமாம்; போன மாதம் அவள் முறை வந்ததாம். "நா ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். ஃபாதர் சிரிச்சாரு. அம்மாக்கு தெனம் தண்ணி கொண்டாந்து குடுன்னாரு. குடுக்கறேன்."

பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க யார்கிட்ட சொன்னீங்க?"

எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. கோயிலில் கன்னத்தில் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான்.

"எங்க அம்மாகிட்டயே சொல்லிட்டேன்" என்றேன்.

"அய்யோ. என்ன சொன்னாங்க?"

வெளியே ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. "ப்ரிசி, பஸ் போயிடும்மா, வா."

"அடுத்த வாரம் சொல்லுங்க மிஸ், மறந்துடாதீங்க" என்று ஓடினாள். கேட்டைத் தாண்டி அம்மாவும் மகளும் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துபோனார்கள், பக்கத்தில் பக்கத்தில்.

இதைப் படிக்கும் நீங்கள் என்னைத் திட்டலாம். திட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அவளுடைய வரிகளை உங்களுக்காக மறுபடியும் எடுத்து எழுதிவிட்டேன், அவளைக் கேட்காமல். எழுதும்போது ஓரிடத்தில் கொஞ்சம் மெருகும் ஏற்றிவிட்டேன். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன்.

இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை அவள் கேட்பாள், உங்க அம்மா என்ன சொன்னாங்க என்று. உண்மையைச் சொல்வதற்கான வாக்கியத்தைத் திங்கள் முதல் தேடிக்கொண்டிருக்கிறேன். எப்படித் தொடங்கினாலும் அவள் முகம் வந்து நின்றுவிடுகிறது. அம்மா சொன்ன பதில் மட்டும் செவ்வாயன்றே கிடைத்துவிட்டது. குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது.